காற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர்

சிங்கப்பூரில் வாடகைக்கு வீடு எடுப்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு விதி இருக்கும். ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, உரிமையாளர் கேட்டால் காட்ட வேண்டும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்கு வந்து இறங்கியவருக்கு இது மிகையாகவே படும். நம் ஊரில் பங்குனி பிறந்ததும் ஏசிக்காரரை ஒருமுறை கூப்பிட்டுக் கழுவச் சொன்னால், அடுத்த பங்குனி வரை அவர் நினைப்பே வராது. இங்கே ஆண்டுக்கு நான்கு முறையா? வீட்டு உரிமையாளர்களும் சர்வீஸ் கம்பெனிகளும் சேர்ந்து வாடகைக்காரர் தலையில் கட்டிய செலவு என்று புதிதாக வந்தவர்கள் பலர் அலுத்துக்கொள்வார்கள்.

அந்த விதிக்குப் பின்னால் இருப்பது இயற்பியல். கூடவே கொஞ்சம் உயிரியல்.

எங்கள் படுக்கையறை ஏசி ஒரு நள்ளிரவில் சொட்டத் தொடங்கியது. கட்டில் ஓரம் நனைந்துவிட்டது. மறுநாள் சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்த தம்பிக்கு மன்னார்குடிப் பக்கம். கையில் ஏணி, இரண்டு வாளி, ஒரு சிறிய பம்ப், தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும் வாக்குவம். "என்ன தம்பி, கேஸ் குறைஞ்சிருச்சா?" என்று கேட்டேன். நம் ஊர் ஏசிக்காரர்கள் கற்றுக்கொடுத்த கேள்வி அது. மூடியைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்தார். "கேஸ் எல்லாம் சரியா இருக்குண்ணே. மெஷின் நல்லாத்தான் ஓடுது. நல்லா ஓடுறதாலதான் இவ்ளோ தண்ணி. அது போற வழிதான் அடைச்சிருக்கு."

இயந்திரம் நன்றாக ஓடுவதால் இவ்வளவு தண்ணீர் என்கிறாரே, அது எங்கிருந்து வருகிறது? ஏசிக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு கிடையாது. குளிரூட்டும் வாயு செப்புக் குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. அதில் தண்ணீரே இல்லை. சொட்டியதெல்லாம் அறையின் காற்றில் இருந்த நீர். கோடையில் குளிர்ந்த மோர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதே, ஏசிக்குள் நடப்பதும் அதுதான்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். ஈரக் காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு வெப்பநிலையில் அது தாங்கக்கூடிய அளவும் அதில் இருக்கும் அளவும் சமமாகிவிடும். அதற்கும் கீழே குளிர்வித்தால் மிச்சம் நீர்த்துளியாக வெளியேறியே ஆக வேண்டும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கும் தீவு. நான்கு பக்கமும் வெதுவெதுப்பான கடல். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். குளிர்காலம், கோடைக்காலம் என்ற பிரிவு இல்லை. இரவில் 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் ஏறத்தாழ 23 கிராம் நீர் இருக்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில், எட்டரை அடி உயரமுள்ள படுக்கையறையின் கொள்ளளவு சுமார் 35 கன மீட்டர். கணக்குப் போட்டால், கதவைச் சாத்திய அந்த வெற்று அறையின் காற்றில் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது.

அதைவிட முக்கியம், அங்கே பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏசிக்குள் காற்று உரசிச் செல்லும் குழாய்ச்சுருளின் வெப்பநிலை சுமார் 10 டிகிரி. 25க்குக் கீழே போன எந்தப் பரப்பும் வியர்க்கும் ஊரில், 10 டிகிரியில் ஒரு சுருளைத் தொங்கவிட்டால் அது அருவியாகாமல் என்ன செய்யும்? டெல்லியின் மே மாதத்தை இதோடு ஒப்பிடலாம். 42 டிகிரி வெயில், 15 விழுக்காடு ஈரப்பதம். உடல் எரியும்; ஆனால் ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள நீர் 9 கிராமுக்கும் குறைவு. பனிநிலையே 10 டிகிரிப் பக்கம்தான். அதனால்தான் அங்கே வைக்கோல் தட்டி வழியே தண்ணீர் விடும் ஏர்கூலர் வேலை செய்கிறது. காய்ந்த காற்று அந்த நீரை வாங்கிக்கொண்டு குளிர்கிறது. சிங்கப்பூர்க் காற்றுக்கு அப்படி வாங்கிக்கொள்ள இடமே மிச்சமில்லை.

அறைக்குள் இருந்த முக்கால் லிட்டரோடு கதை முடிவதும் இல்லை. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியே வெளிக்காற்று புதிய ஈரத்தோடு நுழைந்தபடி இருக்கும். தூங்குகிறவர் ஒவ்வொருவரும் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 30 முதல் 40 கிராம் வரை நீரை வெளிவிடுகிறார். குளியலறைக் கதவு திறந்திருந்தால் அதன் பங்கு தனி. இரவு முழுவதும் ஓடும் ஏசி விடிவதற்குள் பல லிட்டர் நீரை வடித்துவிடுவது சாதாரணம்.

இந்த நீரை வடிப்பது இலவச வேலையல்ல. நீர் ஆவியாகும்போது சூட்டை விழுங்குகிறது. திரும்பத் திரவமாகும்போது விழுங்கிய சூட்டை எல்லாம் கக்குகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 2,450 கிலோஜூல். பனிக்கட்டி உருகிய ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலை வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. மணிக்கு ஒரு லிட்டர் வடிக்கிற ஏசி, அந்த வேலைக்கு மட்டுமே 0.7 கிலோவாட் அளவு குளிர்விக்கும் திறனைச் செலவிடுகிறது. படுக்கையறைகளில் பரவலாக மாட்டப்படும் சிறிய ஏசியின் மொத்தத் திறன் 2.6 கிலோவாட். கால் பங்குக்கு மேல் காற்றின் சூட்டைக் குறைக்காமல் காற்றைப் பிழியவே போய்விடுகிறது.

அது வீண்செலவும் அல்ல. வெக்கையில் மனித உடலைப் பெரிதும் குளிர்விப்பது வியர்வை உலர்வதுதான். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலராது. வெப்பநிலையை இரண்டு டிகிரி குறைப்பதைவிட ஈரத்தைக் குறைப்பதே பல நேரங்களில் தூக்கத்துக்குப் பெரிய உதவி.

உண்மையில் ஏசி பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902ஆம் ஆண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற வண்ண அச்சகம். ஒவ்வொரு நிறமாக, ஒரே தாளைப் பலமுறை அச்சடிக்க வேண்டும். கோடையின் ஈரக்காற்றில் தாள் விரிந்தது, சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. தீர்வு தேடும் பொறுப்பு வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்ச்சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி, அதிலிருக்கும் உபரி நீரைப் பிரித்தெடுத்து, அச்சகத்தின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்தும் வடிவமைப்பை அவர் அந்த ஜூலையில் வரைந்து முடித்தார். இன்றைய ஏசியின் தொடக்கம் அது. அதைக் கேட்டு வாங்கியது தாள். மனிதர்களுக்குச் சுகம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

இனி நம் மன்னார்குடித் தம்பியின் வேலைக்கு வருவோம். சுருளிலிருந்து வழியும் நீர் கீழே ஒரு தட்டில் விழுந்து, அதிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேற வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் கம்ப்ரஸர் கட்டடத்தின் வெளிப்புறத் திண்டில் ஓரிடத்தில் இருக்கும். தண்ணீரைக் கழிப்பறைக்கோ, துணி துவைக்கும் இடத்துக்கோ கொண்டுபோக வேண்டும். எனவே அந்தக் குழாய் சுவரோரமாகப் பல மீட்டர் படுத்துக்கொண்டே போகிறது. அதைத் தள்ளிவிட எந்தப் பம்பும் இல்லை. குழாயின் சிறு சரிவு மட்டுமே நீரை நகர்த்துகிறது.

சரிவு குறைந்தால் நீர் மெதுவாகும். மெதுவான நீரில் உயிர் குடியேறும். காற்றோடு வருவது நீராவி மட்டுமா? தோலிலிருந்து உதிரும் செதில், துணிநூல், சமையல் எண்ணெய்த் திவலை, பூஞ்சை வித்துகள், பாக்டீரியா எல்லாம் வருகின்றன. பில்டரில் பெரிய தூசு நிற்கும். சிறியது தப்பிப் போய் ஈரச் சுருளில் ஒட்டும். அதன் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். இருட்டு, ஈரம், உணவு மூன்றும் கிடைத்த பாக்டீரியாக்கள் அங்கே சர்க்கரைப் பொருள்கள் அடங்கிய பசையைச் சுரந்து தம்மைச் சுற்றிப் போர்த்திக்கொள்கின்றன. உயிர்ப்படலம் என்பது இதுதான். தட்டிலும் குழாயிலும் அது நிறமற்ற, வழுவழுப்பான கூழாகத் திரள்கிறது. வாக்குவத்தை வைத்து உறிஞ்சியபோது எங்கள் குழாயிலிருந்து கைப்பிடியளவு அந்தக் கூழ் வெளியே வந்தது. நீர் போகும் வழியை அடைத்தது அதுவே. தட்டு நிரம்பி, விளிம்பைத் தாண்டிக் கட்டிலில் விழுந்திருக்கிறது.

ஏசியைப் போட்டதும் முதல் சில நிமிடங்களுக்கு வரும் புளித்த வாடைக்கும் காரணம் இந்தக் கூட்டம்தான். அதற்காக ஒவ்வொரு ஏசியும் கொடிய நோயைப் பரப்புவதாக அஞ்ச வேண்டியதில்லை. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கி உலகை உலுக்கிய லெஜியோனெல்லா பாக்டீரியாவைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது பெரிய கட்டடங்களின் வெதுவெதுப்பான குளிர்விப்புக் கோபுர நீரில் பெருகும் வகை. வீட்டு ஏசித் தட்டின் குளிர்ந்த நீர் அதற்கு உகந்த இடமல்ல. ஆனால் பூஞ்சை வித்துகள் ஆஸ்துமாக்காரர்களையும் ஒவ்வாமை உள்ளவர்களையும் படுத்தும். அவர்கள் வீட்டில் ஏசியைக் கழுவுவது அழகுக்காகச் செய்யும் வேலையல்ல.

இப்போது அந்த மூன்று மாதக் கணக்கு புரியும். சென்னைக் காற்றும் ஈரமானதுதான். ஆனால் அங்கே மார்கழி, தை மாதங்களில் பல வீடுகளில் ஏசி ஓய்வெடுக்கிறது, தட்டு காய்கிறது, பாக்டீரியாக் குடியிருப்பு வறண்டு சுருங்குகிறது. சிங்கப்பூரில் தட்டு காய ஒரு பருவமே கிடையாது. 365 இரவும் ஈரம்.

சர்வீஸ் என்பதில் சாதாரணக் கழுவல் ஒன்று, கெமிக்கல் வாஷ் ஒன்று. முதலாவதில் ஏசிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொட்டில்போல் கட்டி, பம்பு வைத்துச் சுருளையும் விசிறியையும் நீரால் பீய்ச்சிக் கழுவி, வடிகுழாயை உறிஞ்சி எடுப்பார்கள். கறுத்த நீர் கீழே வாளியில் இறங்குவதைப் பார்த்தவர் அந்தச் சில பத்து சிங்கப்பூர் டாலரைக் கொடுக்க முணுமுணுக்க மாட்டார். இரண்டாவது, தகடுகளுக்கு நடுவே கெட்டிப்பட்ட அழுக்கை வேதிப்பொருளால் கரைப்பது. அலுமினியத்தை அந்த வேதிப்பொருள் மெல்ல அரிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அது தேவையில்லை. முறையாகக் கழுவப்படும் ஏசிக்கு எப்போதாவது போதும்.

சில்லறைக் கம்பெனிகள் வெளியூர்க்காரரிடம் அதிகம் விற்பது மூன்றாவது ஒன்றை: கேஸ் நிரப்புவது. இதைப் பற்றி ஒரு அடிப்படை உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ஏசியின் வாயு எரிபொருள் அல்ல. ஏசி ஓடும்போது அது எரிவதோ தீர்வதோ இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி அறையின் சூட்டை வாங்கி, வெளியே போய்த் திரவமாகி அந்தச் சூட்டைக் கொட்டிவிட்டு, திரும்பத் திரும்ப அதே பாதையில் சுற்றுகிறது. பத்து ஆண்டு ஓடினாலும் அளவு குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது பணத்தையும் காற்றையும் கெடுக்கும் வேலை.

கேஸ் உண்மையிலேயே குறைந்தால் ஒரு விசித்திரம் நடக்கும்: குளிர்விக்கும் திறன் குறைகிறது, ஆனால் சுருளில் பனிக்கட்டி படர்கிறது. காரணம் அழுத்தம். இப்போது பரவலாகப் பயன்படும் ஆர்32 என்ற வாயு, வளிமண்டலத்தைப்போல் 11 மடங்கு அழுத்தத்தில் 10 டிகிரியில் கொதிக்கும். கேஸ் கசிந்து அழுத்தம் 8 மடங்காக இறங்கினால் அதன் கொதிநிலை 0 டிகிரிக்கு வந்துவிடும். சுருளின் மேல் வழிய வேண்டிய நீர் அங்கேயே உறைகிறது. பனிக்கட்டி காற்றின் வழியை அடைக்க, அறை சூடாகிறது. அழுக்கடைந்த பில்டரும் இதே பனிக்கட்டியை உண்டாக்கும். போதிய காற்று வராவிட்டால் சுருளுக்குச் சூடு கிடைக்காது, அதன் வெப்பநிலை இறங்கிவிடும். எனவே பனிக்கட்டியைப் பார்த்தவுடன் கேஸ் என்று சொல்பவரைவிட, முதலில் பில்டரைக் கழற்றிப் பார்ப்பவரை நம்பலாம்.

அந்த வாயுவின் மேல் அரசுக்கும் கண் உண்டு. பழைய ஏசிகளில் இருந்த ஆர்22 ஓசோன் படலத்தைச் சிதைத்தது. 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதன் வகையறாவைப் படிப்படியாக விலக்கியது. அடுத்து வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியானதற்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். ஆர்32க்கு அந்த எண் 675. இந்த எண் 750ஐத் தாண்டும் வாயு கொண்ட வீட்டு ஏசிகளைச் சிங்கப்பூர் 2022 அக்டோபர் முதல் சந்தைக்கு வரவிடுவதில்லை. ஆர்32 மெல்லத் தீப்பற்றக்கூடியது என்பதால் அதைக் கையாளப் பயிற்சியும் கேட்கிறார்கள்.

நம் ஊரில் ஒரே ஆள் ஃபேன் மாட்டுவார், மோட்டார் பார்ப்பார், குழாய் அடைப்பும் எடுப்பார். சிங்கப்பூரில் மின்கம்பி வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர் வேண்டும். தண்ணீர்க் குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும். கம்ப்ரஸரை வெளிச்சுவரில் பொருத்துவதற்கும் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்தான் வர வேண்டும். புதிதாக வந்தவருக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடு இது. ஆனால் ஒவ்வொரு உரிமத்துக்குப் பின்னாலும் ஒரு ஆபத்து நிற்கிறது: மின்சாரம் தாக்குவது, குடிநீரில் கழிவு கலப்பது, பத்தாவது மாடியிலிருந்து 30 கிலோ இரும்பு தெருவில் விழுவது.

இந்த நாட்டில் ஏசி என்பது வசதிப் பொருளாக மட்டும் பார்க்கப்படவில்லை. 1959இல் பிரதமரான லீ குவான் யூ, அரசு அலுவலகங்களில் ஏசி பொருத்தியதைத் தம் முதல் வேலைகளில் ஒன்றாகப் பின்னாளில் சொன்னார். வெப்ப மண்டல நாடுகளின் வளர்ச்சியைச் சாத்தியமாக்கிய கண்டுபிடிப்பு அது என்பது அவர் கருத்து. அதற்கு விலையும் உண்டு. வீட்டு மின்கட்டணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏசிக்குப் போகிறது. அறையிலிருந்து எடுத்த சூடும், அதை எடுக்கச் செலவான மின்சாரமும் சேர்ந்து வெப்பமாக வெளித்தெருவில்தான் கொட்டப்படுகின்றன. அந்தத் தெருவில், வெளிச்சுவரை ஒட்டிய திண்டில், சூடான காற்று முகத்தில் அடிக்க நின்று வேலை செய்பவர் ஏசி சர்வீஸ் செய்பவர். ஊருக்கே குளிர் கொடுக்கிறவர் தம் வேலைநேரத்தைக் குளிரில் கழிப்பதில்லை.

வடிகிற நீர் வீண்தானா என்று கேட்கலாம். காற்றிலிருந்து வடிந்ததால் அதில் உப்பு மிகக் குறைவு; தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம். துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் இப்படி வடியும் நீரைச் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். குடிக்க மட்டும் கூடாது. செம்பு, அலுமினியத் துகள்களும் முன்பு சொன்ன பாக்டீரியாக் கூட்டமும் அதில் கலந்திருக்கும்.

ஈரமான ஊரில் வாழப்போகிறவர்களுக்குச் சில யோசனைகள். சிங்கப்பூருக்குப் பொருந்துவது நாகப்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் பொருந்தும். பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். அதற்கு ஆள் வேண்டாம். வெப்பநிலையை 25இல் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். காலையில் ஏசியை அணைக்கும் முன் சிறிது நேரம் அதன் விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருள் காயும், வாடை குறையும். கேஸ் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள்; பதில் இல்லாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழாயை உறிஞ்சிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர் கிடைத்தால், அவர் எண்ணைப் பத்திரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், ஏணியிலிருந்து அவர் இறங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.